கனத்த இறக்கை: கையால் கட்டிய விமானங்களில் ஏலரான் ட்ரிம்மின் வரலாறு

ஏலரான் என்பது விமான இறக்கையின் பின்விளிம்பில், நுனியை ஒட்டிக் கீல் வைத்துப் பொருத்திய அசையும் பலகை. பிரெஞ்சு மொழியில் இச்சொல்லுக்குச் சிற்றிறக்கை என்று பொருள். விமானி தம் கையிலுள்ள கட்டுப்பாட்டுத் தண்டான ஸ்டிக்கை இடப்புறம் சாய்த்தால் இடப்பக்க ஏலரான் மேலேறும், வலப்பக்க ஏலரான் கீழிறங்கும், விமானம் இடப்புறம் சாயும். யாரும் சாய்க்காமலே ஒரு பக்கம் தாழ முனையும் விமானங்களும் உண்டு. அப்படித் தாழும் பக்கத்தை விமானம் கட்டுவோர் ‘கனத்த இறக்கை’ என்பார்கள். அதை நிமிர்த்தி வைக்க விமானி பயணம் முழுவதும் ஸ்டிக்கை எதிர்ப்புறம் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்த அழுத்தத்தை அவர் கையிலிருந்து எடுத்து வேறொன்றின் பொறுப்பில் விடுவதே ஏலரான் ட்ரிம்.

தொழிற்சாலையில் உருவாகும் சிறு விமானங்கள் பலவற்றில் இந்த வசதி கிடையாது. மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டருக்கு மட்டும் ட்ரிம் சக்கரம் இருக்கும். வேகம் மாறும்போதெல்லாம் மூக்கின் சமநிலை மாறுவதால் அது இல்லாமல் பறப்பது கடினம். பக்கவாட்டுச் சமநிலை அப்படி அடிக்கடி மாறுவதில்லை. செஸ்னா 172, பைப்பர் செரோக்கி போன்ற விமானங்கள் பறக்கும்போது இயக்கக்கூடிய ஏலரான் ட்ரிம் இல்லாமலே பல்லாயிரக்கணக்கில் விற்றன. தனியார் தம் கொட்டகையில் கட்டும் விமானங்களில்தான் இந்தச் சிக்கல் கூடுதலாகத் தலைகாட்டியது. அவற்றில் ஒன்றைப்போல் இன்னொன்று அமைவதில்லை.

நான்கு அங்குல நீளம்

சாய்வைச் சரிக்கட்டும் முயற்சி எஞ்சின் விமானத்தோடு சேர்ந்தே பிறந்தது. 1903 டிசம்பர் 17 அன்று அமெரிக்காவின் கிட்டி ஹாக் அருகே பறந்த ரைட் சகோதரர்களின் விமானத்தில், விமானி நடுக்கோட்டுக்கு இடப்புறம் குப்புறப் படுத்திருந்தார். எஞ்சின் வலப்புறம் இருந்தது. விமானியைவிட எஞ்சின் சுமார் 15 கிலோ கூடுதல் எடை. அந்த வேறுபாட்டை ஈடுகட்ட வலப்பக்க இறக்கை இடப்பக்கத்தைவிட 4 அங்குலம் நீளமாக அமைக்கப்பட்டது. கனமான பக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதல் இறக்கை தந்து தராசை நேராக்கும் வேலை அது.

அந்த விமானத்தில் ஏலரான் இல்லை. இறக்கை முழுவதையும் கம்பியால் இழுத்து முறுக்கியே சாய்வைக் கட்டுப்படுத்தினார்கள். ஏலரான் பற்றிய எண்ணம் அதற்கும் முந்தியது. பிரிட்டனின் மேத்யூ போல்ட்டன் 1868இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ஆனால் பறக்கும் விமானம் இல்லாத காலத்தில் அது காகிதத்திலேயே நின்றது. தொலைபேசிக்குப் பெயர்பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல் தலைமையிலான குழு 1908இல் கட்டிய விமானங்களில் ஏலரான் நடைமுறைக்கு வந்தது. இறக்கையை முறுக்கும் வழக்கம் சில ஆண்டுகளில் மறைந்தது.

அதே காலத்தில்தான் பிறர் வரைந்த படத்தைப் பார்த்து வீட்டில் விமானம் கட்டும் பழக்கமும் தொடங்கியது. பிரேசிலில் பிறந்து பாரிசில் வாழ்ந்த சாந்தோஸ் துமோன், தம் ‘தெமுவாசெல்’ விமானத்தின் வரைபடங்களைக் காப்புரிமை கோராமல் பொதுவில் விட்டார். 1910இல் அமெரிக்காவின் ‘பாப்புலர் மெக்கானிக்ஸ்’ இதழ் அவற்றை வெளியிட்டது. மூங்கிலும் துணியும் கொண்ட அந்தச் சிறு விமானத்தில் சாய்வைச் சரிசெய்ய ட்ரிம் எதுவும் இல்லை. விமானியின் உடலே அந்த வேலையைச் செய்தது.

கம்பியும் கைமரமும்

முதல் உலகப்போர்க் கால ஈரடுக்கு இறக்கை விமானங்களில், கனத்த இறக்கைக்கான மருந்து தரையில் நிற்கும் மெக்கானிக்கின் கையில் இருந்தது. இறக்கைகளைத் தாங்கிய குறுக்குக் கம்பிகளின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைத்தால் இறக்கையின் முறுக்கு சற்று மாறும். பின்விளிம்பு தாழ்ந்தால் அந்தப் பக்கத்தின் தூக்குவிசை கூடும், உயர்ந்தால் குறையும். கட்டுமானப் பிழையோடு எஞ்சினின் எதிர்விசையையும் இதே வழியில் சரிக்கட்டினார்கள். உந்துவிசிறி ஒரு பக்கம் சுழல, விமானம் மறுபக்கம் உருள முனையும். விமானியின் இருக்கையிலிருந்து பார்க்கையில் விசிறி வலஞ்சுழியாகச் சுற்றினால், இட இறக்கை தாழும். அமெரிக்க எஞ்சின்கள் பெரும்பாலும் அவ்வாறு சுற்றுபவை. பிரிட்டனின் ஜிப்சி வகை எஞ்சின்கள் இடஞ்சுழியாகச் சுற்றுவதால் அங்கே வல இறக்கை தாழும். எந்த நாட்டு எஞ்சினை மாட்டுகிறோம் என்பதைப் பொறுத்து முறுக்க வேண்டிய இறக்கையும் மாறியது.

ஓரடுக்கு இறக்கை விமானங்கள் பரவியபோது கம்பியின் இடத்தைக் கைமரம் போன்ற சாய்வுத் தாங்கிகள் பிடித்தன. 1930களின் இறுதியில் வந்த பைப்பர் ஜே-3 கப் விமானத்தில் பின்தாங்கியின் அடிமுனை மரை வெட்டிய கவைத் துண்டாக அமைந்திருந்தது. அதை ஒரு சுற்று உள்ளே திருகினாலோ வெளியே எடுத்தாலோ இறக்கையின் முறுக்கு மாறும். பிற்கால செஸ்னா விமானங்களில் இறக்கையின் பின்சட்டம் உடலோடு சேரும் போல்ட்டைச் சுற்றி, துளை நடுவில் இல்லாத வளையங்கள் வைக்கப்பட்டன. அவற்றைத் திருப்பினால் இறக்கையின் கோணம் இம்மியளவு கூடும் அல்லது குறையும். இவையெல்லாம் தரையில் ஒருமுறை திருத்திவிட்டுப் பறக்கும் முறைகள்.

அமெரிக்காவில் வீட்டு விமானங்களின் முதல் தலைமுறைக்கு இந்த முறையே போதுமானதாக இருந்தது. மின்னசோட்டா மாநிலத்தின் செர்ரி குரோவ் என்ற சிற்றூரில் பெர்னார்ட் பீட்டன்போல் 1929இல் ஃபோர்டு மாடல் ஏ கார் எஞ்சினை வைத்துப் பறக்கவிட்ட ‘ஏர் கேம்பர்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மரச்சட்டத்தில் துணி போர்த்திய இறக்கை விமானியின் தலைக்கு மேலே தாங்கிகளில் நின்றது. இருவர் அமரும் இருக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடுக்கோட்டிலேயே இருந்தன. எரிபொருளும் நடுவிலேயே இருந்தது. எடை எந்தப் பக்கமும் சாய வழியில்லாததால், கனத்த இறக்கை தோன்றினால் காரணம் வடிவப் பிழையாகவோ எஞ்சின் எதிர்விசையாகவோதான் இருக்கும். தாங்கியைத் திருத்தினால் அது தீர்ந்துவிடும்.

இதே காலத்தில் ஐரோப்பாவில் ஏலரானையே நீக்கிவிட்ட விமானமும் வந்தது. பிரான்சின் ஆன்ரி மின்யே 1933இல் பறக்கவிட்ட ‘பூ து சியெல்’ என்னும் ‘வானத்துப் பேன்’ விமானத்தில் சாய்வைக் கவனித்தது பின்சுக்கான் மட்டுமே. அதைக் கட்டும் முறையை விளக்கி அவர் 1934இல் எழுதிய நூலைப் படித்துப் பலர் கட்டினார்கள். முன்பின்னாக அமைந்த இரு இறக்கைகளும் ஒன்றையொன்று பாதித்து, மீளமுடியாத செங்குத்துப் பாய்ச்சலில் முடிந்த விபத்துகளால் அது தடைக்குள்ளானது. அதற்குப் பின் வந்த வீட்டு விமானங்கள் பெரும்பாலும் ஏலரானுக்கே திரும்பின.

மடித்த தகடு

இறக்கையைத் தொடாமல் ஏலரானை மட்டும் திருத்தும் வழி கப்பல் சுக்கானிலும் விமானத்திலும் ஒருசேர ஆராய்ச்சி செய்த ஜெர்மானியப் பொறியாளர் அன்டன் ஃபிளெட்னரின் பெயரோடு இணைந்தது. அசையும் பெரிய பலகையின் பின்விளிம்பில் சிறு பலகை ஒன்றை வைத்து, அதை எதிர்த்திசையில் திருப்பினால், காற்றே பெரிய பலகையைத் தள்ளித் திருப்பிவிடும். பெரிய விமானங்களில் இது விமானியறையிலிருந்து இயக்கும் ட்ரிம் பலகையானது. சிறு விமானங்களில் கையால் மடிக்கும் ஒரு துண்டு அலுமினியத் தகடாகச் சுருங்கியது.

அது வேலை செய்யும் விதம் முதலில் தலைகீழாகத் தோன்றும். இட இறக்கை தாழ்கிறது என்றால், வலப்பக்க ஏலரானின் பின்விளிம்பில் தகட்டை ஒட்டிக் கீழ்நோக்கி மடிக்க வேண்டும். காற்று தகட்டை மேலே தள்ளும். தகட்டோடு ஏலரானும் சற்று மேலேறும். வல இறக்கையின் தூக்குவிசை குறையும். இரு ஏலரான்களும் இணைக்கப்பட்டிருப்பதால் இடப்பக்க ஏலரான் கீழிறங்கி இட இறக்கையைத் தூக்கும். தகடு விரலகலமே இருந்தாலும் போதும். செலவில்லாத, பழுதாகாத முறை என்பதால் வீட்டு விமானங்களில் இது இன்றும் நீடிக்கிறது. தகட்டுக்குப் பதிலாக, ஏலரானின் அடிப்புறத்தில் பின்விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய ஆப்பைப் பிசின் நாடாவால் ஒட்டிப் பறந்து பார்த்து, அளவு சரியானபின் நிலையாகப் பதிப்பதும் உண்டு.

விமானி பறக்கும்போதே திருப்பக்கூடிய பலகையை ஏலரானில் வைப்பதற்குத் தயக்கம் இருந்தது. ஏலரான் கீலுக்குப் பின்னால் சேரும் ஒவ்வொரு கிராமும் அதன் எடைச்சமநிலையைக் கெடுக்கும். சிறு பலகையின் கீலில் தளர்ச்சி ஏற்பட்டால், வேகத்தில் படபடவென அதிரும் ஆபத்து உண்டு. அந்த அதிர்வு நொடிகளில் இறக்கையையே முறித்துவிடக்கூடியது. இந்த அச்சமே பிற்காலத்தில் வேறு வழியைத் தேடவைத்தது.

எடை பக்கவாட்டுக்கு நகர்ந்த காலம்

1930களில் அரசு விதித்த கட்டுப்பாடுகளால் அமெரிக்காவின் பல பகுதிகளில் வீட்டு விமானக் கலை முடங்கியது. ஓரிகான் மாநிலத்தில் மட்டும் அது உயிரோடு இருந்தது. அங்கிருந்து ஜார்ஜ் போகார்டஸ் தம் ‘லிட்டில் ஜீ பீ’ விமானத்தை 1947இல் நாட்டின் மறுகோடியிலுள்ள வாஷிங்டனுக்கே ஓட்டிச்சென்று, தனியார் கட்டும் விமானங்களுக்கு அனுமதி கேட்டு வாதாடினார். அனுமதி கிடைத்தது. 1953 ஜனவரியில் பால் போபெரெஸ்னி மில்வாக்கியில் தொடங்கிய சோதனை விமானச் சங்கம் அந்தக் கலையை நாடு தழுவியதாக்கியது.

புதிய தலைமுறை விமானங்கள் வார இறுதியில் வயலைச் சுற்றிவரும் பொம்மைகளாக இருக்கவில்லை. ஜான் தார்ப் வடிவமைத்து 1964இல் பறந்த டி-18 முழுவதும் அலுமினியத்தால் ஆனது, வேகமானது. அதில் இருவர் அருகருகே அமரலாம். 1976இல் டொனால்ட் டெய்லர் ஒரு டி-18இல் உலகையே சுற்றிவந்தார். பல மணிநேரம் பறக்கும் விமானத்தில் சிறு அழுத்தமும் தோளைக் கடுக்கவைக்கும். வரைபடத்தைப் பிரிக்க இரு கைகளும் தேவைப்படும் நேரத்தில் இறக்கை தாழ்வது வெறும் தொல்லையாக மட்டும் நிற்காது.

ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வென் வடிவமைத்த ஆர்வி வரிசையில் இந்த மாற்றத்தைப் படிப்படியாகக் காணலாம். 1970களின் தொடக்கத்தில் வந்த ஆர்வி-3 ஒற்றை இருக்கை விமானம். அடுத்து வந்த ஆர்வி-4இல் இருக்கைகள் முன்பின்னாக இருந்தன, எரிபொருள் இறக்கைக்குள் சென்றது. 1980களின் நடுப்பகுதியில் வந்த ஆர்வி-6இல் இருக்கைகளும் அருகருகே அமைந்தன. அதன் ஒவ்வொரு இறக்கையிலும் 19 கேலன் பெட்ரோல் பிடிக்கும். ஒரு கேலன் ஏறத்தாழ 2.7 கிலோ என்பதால், ஒரு பக்கத் தொட்டி நிறைந்து மறுபக்கம் காலியானால் வேறுபாடு 50 கிலோவைத் தாண்டும். விமானி தனியாக இடப்பக்க இருக்கையில் அமர்வதும் எடையைச் சாய்க்கும் என்றாலும், அவர் நடுக்கோட்டிலிருந்து ஓரடி தள்ளித்தான் இருக்கிறார். பெட்ரோல் அதைவிடப் பல மடங்கு தொலைவில் இருப்பதால் அதன் இழுப்பே பெரிது.

இரு தொட்டிகளிலிருந்தும் ஒரே நேரத்தில் எரிபொருள் எடுத்தால் வேறுபாடே வராது. மேல் இறக்கை கொண்ட செஸ்னாவில் பெட்ரோல் தானாகக் கீழிறங்குவதால் அது முடிகிறது. கீழ் இறக்கை விமானத்தில் பம்ப் உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். இரண்டையும் திறந்து வைத்தால், முதலில் காலியாகும் தொட்டியிலிருந்து பம்ப் காற்றை இழுத்து எஞ்சின் நின்றுவிடும். எனவே இடம் அல்லது வலம் என ஒன்றையே திறக்க வேண்டும். மணிக்கு 8 கேலன் குடிக்கும் எஞ்சின் அரைமணியில் ஒரு பக்கத்தை 11 கிலோ இலேசாக்கிவிடும். பர்ட் ரூட்டனின் லாங்-ஈஸியிலும் இடம், வலம் என்ற இரண்டு தொட்டிகளை மாற்றி மாற்றியே திறக்க வேண்டும். எரிபொருள் சமநிலையின் உச்சகட்டப் பாடம் ரூட்டன் வடிவமைத்த ‘வாயேஜர்’. 1986 டிசம்பரில் எங்கும் இறங்காமல் 9 நாளில் உலகைச் சுற்றிய அந்த விமானத்தில் 17 தொட்டிகள் இருந்தன. எந்தத் தொட்டியிலிருந்து எவ்வளவு எடுப்பது என்ற கணக்கே பயணத்தின் முக்கிய வேலைகளில் ஒன்றாக இருந்தது.

ஸ்பிரிங் வந்த காரணம்

தரையில் மடித்த தகடு இந்த நோய்க்கு மருந்தாகாது. அரைமணிக்கு ஒருமுறை தொட்டி மாறும், கனக்கும் இறக்கையும் மாறும். விமானியறையிலேயே திருத்தும் ஏற்பாடு தேவைப்பட்டது. ஏலரானில் புதிய பலகை வைப்பதன் ஆபத்தைத் தவிர்த்து, பலரும் ஸ்டிக்கின் அடியிலேயே அதை அமைத்தார்கள். ஸ்டிக்கின் அடிப்பகுதியிலிருந்து இருபுறமும் இரண்டு மெல்லிய ஸ்பிரிங்குகள் செல்லும். அவற்றின் மறுமுனைகள் இருக்கைகளுக்கு இடையிலுள்ள சிறு நெம்பில் சேரும். நெம்பை ஒரு பக்கம் நகர்த்தினால் அந்தப் பக்க ஸ்பிரிங் இழுபடும், ஸ்டிக்கை அத்திசையில் மெல்ல அழுத்தும். உராய்வினால் நெம்பு வைத்த இடத்திலேயே நிற்கும். ஆர்வி விமானங்களுக்கான ஏலரான் ட்ரிம் பெட்டியில் வருவது இதுதான்.

ஸ்பிரிங்கின் சிறப்பு எளிமையோடு முடிவதில்லை. வேகம் இரு மடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்காகும். முறுகிய இறக்கையால் வரும் சாய்வு இந்தக் கணக்கில் வேகத்தோடு வளரும். மடித்த தகட்டின் விசையும் அதே கணக்கில் வளர்வதால், வடிவப் பிழைக்குத் தகடு எல்லா வேகத்திலும் ஏறத்தாழப் பொருந்தும். பெட்ரோலின் எடை வேகத்தைப் பொறுத்து மாறாது. ஸ்பிரிங்கின் இழுவிசையும் மாறாது. வேகம் குறையும்போது காற்றின் எதிர்ப்பு தளர, அதே ஸ்பிரிங் ஏலரானை இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பும். அந்த வேகத்தில் எடையை ஈடுகட்டத் தேவையான கூடுதல் திருப்பமும் ஏறத்தாழ அதுவே. வடிவப் பிழைக்குத் தகடு, எடைப் பிழைக்கு ஸ்பிரிங் என்ற பிரிவினை அனுபவத்தில் உருவாகி இயற்பியலிலும் நிற்கிறது. நோயைக் கண்டறியவும் இதே கணக்கு உதவும். வேகம் கூடக்கூடக் கையில் அழுத்தம் கூடினால் வடிவத்தைத் தேட வேண்டும். வேகம் குறையும்போது ஸ்டிக்கைக் கூடுதலாகச் சாய்க்க வேண்டியிருந்தால் எடையைத் தேட வேண்டும்.

ஸ்பிரிங்குக்குக் குறையும் உண்டு. இறுக்கமானதைப் போட்டால் ஸ்டிக்கின் இலேசான உணர்வு கெட்டுவிடும், தளர்ந்ததைப் போட்டால் ஒரு பக்கத் தொட்டியின் முழு எடையைத் தாங்காது. ஆனால் ஸ்பிரிங் அறுந்தாலும் ஏலரானின் இணைப்பு அப்படியே இருக்கும். விமானி வழக்கம்போல் பறந்து இறங்கலாம்.

மோட்டாரும் தானியங்கியும்

நெம்பின் இடத்தில் சிறு மின்மோட்டாரை வைப்பது அடுத்த படி. கலிபோர்னியாவின் ரே ஆலன் நிறுவனம் விற்கும் கைக்கடக்கமான மோட்டார்ப் பெட்டிகள் வீட்டு விமானங்களில் பரவலாயின. உள்ளே மோட்டார் ஒரு மரைத்தண்டைச் சுழற்ற, வெளியே ஒரு கோல் முன்பின் நகரும். ஒரு வகையில் அது நகரும் தூரம் 0.7 அங்குலம், பெரிய வகையில் 1.2 அங்குலம். ஐந்து மின்கம்பிகளில் இரண்டு மோட்டாருக்கு, மூன்று கோல் எங்கே நிற்கிறது என்பதைக் காட்டும் விளக்குப் பட்டைக்கு. ஸ்டிக்கின் தலையிலுள்ள பொத்தானைக் கட்டைவிரலால் தள்ளினால் போதும். ஏலரான் ட்ரிம்மில் இந்த மோட்டார் இழுப்பதும் பழைய ஸ்பிரிங்குகளைத்தான்.

மின்சாரம் புதிய ஆபத்தையும் கொண்டுவந்தது. பொத்தான் ஒட்டிக்கொண்டால் மோட்டார் கடைசிவரை ஓடிவிடும். அதனால் மோட்டாரின் வேகத்தைக் குறைக்கும் கருவியும், எளிதில் எட்டும் இடத்தில் துண்டிக்கும் சுவிட்சும் வைக்கும் பழக்கம் வந்தது. ஸ்பிரிங்கின் முழு இழுப்பையும் ஒரு கையால் வெல்ல முடிகிறதா என்று தரையிலேயே சோதிப்பது கட்டாயமானது.

2000ஆம் ஆண்டையொட்டி, விலை குறைந்த தானியங்கி விமானி கருவிகள் வீட்டு விமானங்களுக்கு வந்தன. அவை ஏலரானைத் தாமே பிடித்துக்கொள்வதால் ட்ரிம் தேவையில்லை என்ற கருத்து எழுந்தது. ஆனால் தானியங்கி, சாய்வை நீக்குவதில்லை, தாங்கிப் பிடிக்கிறது. ஒரு பக்கத் தொட்டி காலியாகும்வரை அது பொறுத்துக்கொண்டு, அணைத்த நொடியில் முழுப் பாரத்தையும் விமானியின் கையில் போடும். ஆகவே தானியங்கி உள்ள விமானங்களிலும் பலர் ட்ரிம்மை விடவில்லை.

நோயே வராமல் தடுக்கும் போக்கும் இணையாக வளர்ந்தது. 2001இல் ஆர்வி-6க்குப் பதிலாக வந்த ஆர்வி-7இல், கணினி இயந்திரம் முன்கூட்டியே துளையிட்ட தகடுகள் வந்தன. துளைக்குத் துளை பொருந்தினால்தான் ரிவெட் அடிக்க முடியும் என்பதால் இறக்கை முறுகிப்போகும் வாய்ப்பு குறைந்தது. பின்னர் வந்த ஆர்வி-12இல் பெட்ரோல் தொட்டி மீண்டும் உடலுக்குள், இருக்கைகளுக்குப் பின்னால் சென்றது. எரிபொருளால் இறக்கை கனக்கும் பேச்சே அதில் இல்லை.

சோதனைப் பறத்தலின் வரிசை

அமெரிக்க விதிப்படி, வீட்டில் கட்டிய விமானம் பயணி யாரையும் ஏற்றுமுன் வழக்கமாக 25 அல்லது 40 மணிநேரம் சோதனைப் பறத்தலை முடிக்க வேண்டும். கனத்த இறக்கையைத் திருத்துவது பெரும்பாலும் அந்த மணிநேரங்களில்தான். முதலில் இரு தொட்டிகளிலும் சம அளவு பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்கப்படும். அடுத்து விமானம் பக்கவாட்டில் சறுக்குகிறதா என்று கருவிப்பலகையின் குண்டு காட்டும். சக்கரக்கால் உறை கோணலாக இருந்தாலே மூக்கு திரும்பி, இறக்கை தாழ்வதுபோல் தோன்றும். பிறகு இறக்கையின் பின்விளிம்பில் உடலை ஒட்டிய மடிப்புப் பலகைகளான ஃபிளாப்புகள் இரு பக்கமும் ஒரே மட்டத்தில் மூடுகின்றனவா என்று அளக்கப்படும்.

இவை சரியாக இருந்தும் இறக்கை தாழ்ந்தால், ஏலரான்களின் பின்விளிம்பைத் தடவிப் பார்ப்பார்கள். தகட்டை மடித்த வளைவு ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் கூராகவும் இருந்தால் அதுவே போதும், விமானம் சாயும். தடித்த விளிம்பை அகல இடுக்கியால் மெல்ல அழுத்தி, பறந்து பார்த்து, மீண்டும் அழுத்துவார்கள். அளவு மீறி அழுத்தியதைத் திரும்ப எடுப்பது கடினம். அதிலும் தீராத மிச்சத்துக்குத் தகடோ ஆப்போ வைக்கப்படும். சம எரிபொருளில் கையை விட்டாலும் விமானம் நேராகப் பறக்கும் நிலை வந்தபிறகே ஸ்பிரிங் ட்ரிம் நடுநிலைக்குக் குறிக்கப்படும். பெட்ரோல் ஒரு பக்கம் குறையும்போது மட்டும் அதை நகர்த்தினால் போதும். முதலில் இறக்கை, அடுத்து ஏலரானின் விளிம்பு, கடைசியில் ஸ்டிக் என்ற இந்த வரிசை, ஏலரான் ட்ரிம் வளர்ந்துவந்த வரிசையேதான்.